வேலியில்லா ஓரிரவு

யாழ்ப்பாணத்தவராகிய எமது வாழ்க்கையில் வேலி பெறும் இடத்தை இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் எவருக்கும் விரித்துரைக்க வேண்டியதில்லை. கிடுகு வேலி, பனையோலை வேலி, கதியால் வேலி என்று எத்தனையோ வகை வேலிகளுக்குள்ளே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு முழ நிலத்தின் பொருட்டு நீதிமன்றப் படியேறி, அந்நிலத்தின் பெறுமதியைப்போற் பத்து மடங்கைச் செலவழித்த குடும்பங்கள் எமது ஊர்களில் அரியனவல்ல. ஆயினும் அதே வேலியிற் பொட்டு என்று ஒன்றுண்டு. ஓராள் குனிந்து செல்லத்தக்க சிறிய இடைவெளி அது. அடுப்பு மூட்டக் கொள்ளி நெருப்பும், ஒரு சுண்டு அரிசியும், மூடிய கோப்பையிற் கறியும், ஊர்ச் செய்தியும் அதன் வழியாகவே போய்வந்தன. ஆண்கள் வழக்காடிக்கொண்டிருந்த காலத்திலும் பெண்கள் பொட்டை அடைக்க விடாத வீடுகளை நாம் அறிவோம். அவ்வீடுகளின் பகை ஒரு தலைமுறையில் ஓய்ந்தது. பொட்டு அடைபட்ட வீடுகளிலோ பேரப்பிள்ளைகளும் முகம் பார்ப்பதில்லை.

இவ்வெண்ணம் எம் மனத்தில் உறுதிப்பட்டது கச்சத்தீவிலே. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம், 15ஆம் திகதிகளில் அங்கு நிகழ்ந்த புனித அந்தோனியார் திருவிழாவுக்கு நாம் குடும்பமாகச் சென்று, ஓரிரவு கூடாரமடித்துத் தங்கினோம். சைவக் குடும்பமொன்று கத்தோலிக்க ஆலயத் திருவிழாவுக்குச் செல்வானேன் என்று வினவுவார்க்கு எமது அன்னையாரே விடை. அவர் 1971ஆம் ஆண்டில், மணமான புதிதில், அயல்வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தாருடன் ஒருமுறை அங்கு சென்றிருந்தார். அவ்வயல்வீட்டுக்கும் எமது வீட்டுக்குமிடையே ஒரு பொட்டு இருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அக்குடும்பம் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திசைக்கொருவராய்ப் போயிற்று. எழுபத்தாறாம் வயதில், கால்கள் நடக்கும்போதே அத்தீவை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று அன்னையார் விரும்பினார்.

அவ்வேளையிற் கனடாவிலிருந்து எமது தம்பியும் அவர் குடும்பமும் வந்திருந்தனர். ஒன்ராறியோ மாகாணப் பாடசாலைகளுக்கு மார்ச் மாத நடுவில் ஒரு வார விடுமுறையுண்டு. அதனுடன் சில நாள்களைக் கூட்டிக்கொண்டு வந்தனர். கூடாரத்தில் தங்கும் பயணம் என்றதும் எமது பெறாமக்கள் இருவரும் துள்ளிக் குதித்தனர். ஏனெனிற் கூடாரப் பயணம் அவர்களுக்குப் பழக்கமான ஒன்று. ஒவ்வொரு கோடையிலும் 1893ஆம் ஆண்டிலிருந்து காக்கப்பட்டுவரும் அல்கொங்குயின் என்னும் பெருங்காட்டுக்கு அவர்கள் செல்வது வழக்கம். அங்கே ஏரிக்கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி இடம் குறித்துக் கொடுப்பார்கள். அடுத்த குடும்பத்தின் குரல் கேளாதவாறு இருப்பதே அவ்விடத்தின் சிறப்பென்று மூத்தவன் எமக்கு விளக்கினான். மனிதரை விட்டுச் சில நாள் விலகியிருப்பதற்கே அந்நாட்டார் கூடாரம் அடிக்கிறார்கள் போலும்.

யாழ்ப்பாணத்தாரும் கூடார வாழ்க்கை அறியாதவர் அல்லர். ஆனால் எமது வழி வேறு. மட்டுவிற் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிற் பங்குனித் திங்களுக்கு மாட்டுவண்டி கட்டிச் சென்று, மரநிழலில் அடுப்பு மூட்டிப் பொங்கிக் கறி சமைத்து உண்டு மீண்ட நாள்களை மூத்த வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். வல்லிபுர ஆழ்வார் கோயிற் சமுத்திர தீர்த்தத்துக்கும், செல்வச் சந்நிதித் திருவிழாவுக்கும், வன்னியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும் குடும்பம் குடும்பமாய்ச் சென்று வெறுமணலிற் பாய் விரித்துப் படுத்தவர்கள் எம் முன்னோர். அவர்கள் சென்றது மனிதரைக் காண்பதற்கு. ஓராண்டு காணாத உறவினரையும், முன்பு கண்டிராத ஊராரையும் ஒரே மரத்தடியில் சந்திப்பதற்கு. கச்சத்தீவுப் பயணம் இந்தப் பழைய மரபைச் சேர்ந்தது. வேறுபாடு ஒன்றுதான். அங்கே ஒரே மரத்தடியில் இரண்டு நாட்டாரும் மூன்று கரையாரும் கூடுகின்றனர்.

வைகறையிற் பஸ் வண்டியேறிப் பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தோம். அத்துறை தன்னளவிலேயே ஒரு பாடசாலை. நயினாதீவுக்குச் செல்லும் படகிலே நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் சைவரும், நாகதீப விகாரையை வணங்கச் செல்லும் சிங்கள பௌத்தரும் அருகருகே அமர்ந்து செல்வது நாள்தோறும் நிகழும் காட்சி. முதல்நாள் மெதின் பூரணை ஆதலால், வெள்ளை உடுத்த தென்னிலங்கை மக்கள் பலர் திரும்பிக்கொண்டிருந்தனர். அதே துறையின் மற்றொரு பக்கத்திற் கச்சத்தீவுப் படகுகளுக்காக நாம் வரிசையில் நின்றோம். எமது மூட்டைகளில் அரிசி, பருப்பு, புளிச்சாதம், பருத்தித்துறை வடை, பனங்கட்டி, புழுக்கொடியல், குடிநீர்க் கலன்கள் ஆகியனவும், தம்பி கனடாவிலிருந்து காவிவந்த நைலோன் கூடாரமும் இருந்தன. அன்னையார் அக்கூடாரத்தை நம்பவில்லை. ஒரு பழைய தறப்பாளையும் நான்கு நூற்சேலைகளையும் தனியே கட்டிக்கொண்டார்.

நயினாதீவும் பின்னர் நெடுந்தீவும் பின்னிட, கடல் தன் நிறத்தை மாற்றிக்கொண்டது. சில மணி நேரப் பயணத்தின் முடிவில் ஆலயக் கோபுரமும் தாழ்ந்த பற்றைகளும் தோன்றின. கச்சத்தீவு மொத்தம் 285 ஏக்கர் பரப்புடையது. நீளம் ஏறக்குறைய ஒரு மைல். குடியிருப்பார் எவருமில்லை, குடிக்க நன்னீரும் இல்லை. பண்டு தொட்டு இரு கரை மீனவரும் வலை உலர்த்தவும், இளைப்பாறவும், காற்றுக்கு ஒதுங்கவும் பயன்படுத்திய தீவு அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியக் கரையைச் சேர்ந்த மீனவர் ஒருவர் அங்கே அந்தோனியாருக்குச் சிறிய கோயிலொன்றைக் கட்டினார். அக்காலந்தொட்டு ஆண்டுதோறும் இரு கரையிலிருந்தும் குடும்பங்கள் வரலாயின. பழைய கோயிலின் அருகே புதிய ஆலயம் ஒன்று இலங்கைக் கடற்படையினரால் எழுப்பப்பட்டு 2016ஆம் ஆண்டு டிசெம்பரிற் திறக்கப்பட்டது.

அந்தோனியாருடைய திருநாள் உலகெங்கும் யூன் 13ஆம் திகதியிற் கொண்டாடப்படுகிறது. அவர் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனிற் பிறந்து, 1231ஆம் ஆண்டு அத்திகதியில் இத்தாலியப் பதுவை நகரருகே உயிர் நீத்தார். ஆனாற் கச்சத்தீவில் மட்டும் விழா மாசி பங்குனியில் நடப்பதேன் என்று எம் பெறாமகள் கேட்டாள். விடையைக் காற்றுத்தான் சொல்லும். யூன் மாதத்திற் சோளகக் காற்று முழு வலிமையுடன் வீசும். பெண்டிரையும் பிள்ளைகளையும் சிறு படகுகளில் ஏற்றிவர இயலாது. வாடை ஓய்ந்து சோளகம் தொடங்குமுன் கடல் அடங்கியிருக்கும் சில வாரங்களே குடும்பங்கள் வரத்தக்க காலம். ஆகவே புனிதரும் கடலுக்கு இணங்கித் தமது விழாவை மாற்றிக்கொண்டார் என்று படகிலிருந்த முதியவர் ஒருவர் நகைத்தார். குடும்பமின்றி ஆண்கள் மட்டும் வரும் விழாவாயின் எந்த மாதத்திலும் நடத்தியிருக்கலாம். பெண்களும் பிள்ளைகளும் வரவேண்டுமென்பதற்காகவே நாள் குறிக்கப்பட்ட விழா இது.

கரையிறங்கிய பின்னர் கூடாரமடிக்கும் படலம் தொடங்கிற்று. தம்பியின் நைலோன் கூடாரம் காட்டு மண்ணுக்கு ஏற்றது. மணலில் அதன் முளைகள் நிற்கவில்லை. இதனைச் சற்றுத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நடுத்தர வயதுப் பெண்ணொருவர் அருகே வந்து, "மணலுக்கு முளை ஆகாது தம்பி, சாக்கிலே மண்ணை அள்ளிப் புதைச்சு, அதிலே கயித்தைக் கட்டுங்க" என்றார். அவர் இராமேசுவரத் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து கணவர், மாமியார், மகள் ஆகியோருடன் வந்தவர். தமது சேலைப் பந்தலின் ஒரு கயிற்றை எமது தறப்பாளின் காலிற் கட்டிக்கொள்ள அவர் இசைவு கேட்டார். மறுபக்கத்தில் நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் கத்தோலிக்கக் குடும்பமொன்று தமது கயிற்றை எமது இன்னொரு காலிற் கட்டிற்று. அவர்களுக்கு அப்பால் எமது தீவகத்தைச் சேர்ந்த மீனவக் குடும்பமொன்று இருந்தது. அரை மணி நேரத்தில் நான்கு வீடுகள் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்றன் கயிற்றை அவிழ்த்தால் நான்கும் விழும். வேலி எங்கே போடுவது?

சொற்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நாம் சவர்க்காரம் என்றதை அவர்கள் சோப்பு என்றனர். எமது சாரம் அவர்களுக்குக் கைலி. எமது தேத்தண்ணி அவர்களுக்கு டீ. எமது அன்னையார் "கதைத்துக்கொண்டிருப்போம்" என்றபோது, தங்கச்சிமடத்துச் சிறுமி ஏதோ கதை சொல்லப்போகிறார் என்று எண்ணி அருகே வந்து அமர்ந்தாள். ஆனால் மீனவர் இருவரும் காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் சொல் வேற்றுமை மறைந்தது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்னும் பெயர்கள் இரு கரையிலும் ஒன்றே. நிலத்தில் உள்ளவற்றுக்கு வேறு வேறு பெயர் வைத்தவர்கள், கடல்மேல் வருவதற்கு ஒரே பெயரைக் காத்திருக்கிறார்கள்.

நீர்கொழும்புக் குடும்பத்து மூதாட்டி எம்மை மேலும் வியப்பிலாழ்த்தினார். அவர் பழைய பாணித் தமிழில் எமது அன்னையாருடன் உரையாடினார். சிறு பிராயத்தில் வீட்டிலே தமிழும் பேசியவராம். அவர் கணவர் பருவந்தோறும் வடகீழ்க் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்தவராம். நீர்கொழும்பு மீனவர் பலர் முன்னாளில் இரு மொழியும் வழங்கியவர்களே. பள்ளிக்கூட மொழி மாற, வீட்டு மொழியும் மாறிற்று. அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. எமது பெறாமக்களுக்குத் தமிழ் அரைகுறையாகவும் சிங்களம் அறவேயும் தெரியாது. ஆயினும் அம்மா, அக்கா என்னும் சொற்கள் இரு மொழிக்கும் பொதுவாக இருந்தமை அவர்களுக்குப் போதுமாயிற்று. அவ்விரு சொற்களையும் கொண்டு மாலை முழுவதும் கடற்கரையில் நண்டு துரத்தினார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. எமது வீட்டிற் சைவ உணவு. தவக்கால வெள்ளியாதலாற் கத்தோலிக்கரும் இறைச்சி தவிர்த்திருந்தனர். எமக்காகத் தங்கச்சிமடத்தார் தமது மீன் சட்டியைத் தூரத்தே வைத்து, தனிப் பாத்திரத்தில் எடுத்த புளியோதரையைத் தந்தனர். நீர்கொழும்பார் பாற்சோறு தந்தனர். நாம் கொடுத்த புழுக்கொடியலைக் கடிக்க மாட்டாமல் அவர்கள் பட்ட பாடு எல்லார்க்கும் நகைப்பாயிற்று. குடிநீரை அதிகாரிகள் தாங்கிகளில் வைத்து வழங்கினர். ஒரு குடும்பத்துப் பிள்ளை வரிசையில் நின்றால் நான்கு குடும்பத்துக்கும் நீர் வந்தது. அத்தீவில் எவர்க்கும் வீடில்லை; ஆகவே எவரும் வீட்டுக்காரரும் அல்லர். எல்லாரும் விருந்தினராய் இருக்கும் இடத்தில், உபசரிக்கும் பொறுப்பு எல்லார்க்கும் வந்துவிடுகிறது. எமது ஊர்களிற் காண அரிதான சமத்துவம் அது.

மாலையிற் கொடியேற்றமும் அதன்பின் சிலுவைப்பாதை வழிபாடும் நடைபெற்றன. இரவிற் புனிதரின் திருச்சொரூபம் பவனி வந்தது. பூரணை நிலவில் மெழுகுதிரி ஏந்திய மக்கள் தீவைச் சுற்றிச் சென்ற காட்சி கண்கொள்ளாதது. தமிழிலும் சிங்களத்திலும் செபங்கள் கேட்டன. நாம் திருநீற்று நெற்றியுடன் ஓரமாய் நின்று கைகூப்பினோம். எம்மை எவரும் ஏன் வந்தீர் என்று கேட்கவில்லை. எம் சமயத்தை விடுமாறும் எவரும் சொல்லவில்லை. சைவத்தின் காவலராய் நின்ற ஆறுமுக நாவலர், இளமையிற் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றதை எமது மாணவர் அறிவார்கள். தன் வீட்டின் அத்திவாரத்தை நன்கறிந்தவன் அயலான் வீட்டு முற்றத்தில் அச்சமின்றி நிற்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

இம்மட்டில் நிறுத்தினால் இக்கட்டுரை இனிய சுற்றுலாக் கட்டுரையாய் முடியும். ஆனால் அன்றிரவு நாம் கேட்டது இனிப்பானதன்று. பிள்ளைகள் உறங்கிய பின்னர் பெரியவர்கள் மணலில் அமர்ந்திருந்தபோது, பேச்சு தொழிலின் பக்கம் திரும்பிற்று. எமது தீவகத்து மீனவர், இழுவைப் படகுகள் வந்த இரவுகளில் மூன்று தடவை தம் வலைகளை இழந்தவர். கடன்பட்டு வாங்கிய வலைகள் அவை. தங்கச்சிமடத்துப் பெண்ணின் கணவரோ இழுவைப் படகிற் கூலிக்குச் செல்பவர். அவர்களுடைய மூத்த மகன் எல்லை கடந்து பிடிபட்டு, ஒன்றரை மாதம் இந்நாட்டுச் சிறையில் இருந்து வந்தவன்.

"உங்கடை பெடியன் திரும்பி வந்திட்டான், தங்கச்சி. என்ரை வலை வரேல்லை" என்றார் எமது மீனவர்.

அப்பெண் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "வலைக்கு விலை இருக்குண்ணே. அந்த ஒன்றரை மாசம் என் வயித்துல இருந்த நெருப்புக்கு விலை இல்லை" என்றார்.

"அப்ப ஏன் வாறியள்?"

"முதலாளி போகச் சொல்ற எடத்துக்குப் போறாங்க. எங்க பக்கத்துல மீன் இல்லண்ணே."

இதற்கு எவரும் மறுமொழி கூறவில்லை. கணவர் தலைகுனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். எமது மனைவி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், எல்லாரும் குடித்தோம். நள்ளிரவுக்குப் பின் காற்றுச் சற்றே எழுந்தது. சேலைப் பந்தல்கள் படபடத்தன. நாம் விழித்தெழுந்தபோது, எமது தீவகத்து மீனவர் நிலவொளியிலே தங்கச்சிமடத்தாருடைய கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். தம் வலையை அவர் மறந்துவிட்டார் என்றோ, மன்னித்துவிட்டார் என்றோ நாம் எழுத மாட்டோம். காலையிலும் அவர் அதிகம் பேசவில்லை. கயிறு அவிழ்ந்தது, கட்டத் தெரிந்தவர் கட்டினார். அவ்வளவே நாம் கண்டது.

இவ்வழக்கின் வரலாற்றை இளைய மாணவர்க்காகச் சுருக்கிக் கூறுவது நன்று. 1952இல் இந்திய நோர்வே மீன்பிடித் திட்டம் உடன்படிக்கையாகிக் கேரளக் கரையில் வேர்கொண்டது. அதன் பின்னர் இயந்திர இழுவைப் படகுகள் தென்னிந்தியக் கரைகளிற் பெருகின. கடலின் அடித்தளத்தையே வாரி இழுக்கும் அவ்வலை, மீனுடன் மீன் வளரும் இடத்தையும் அள்ளிச் செல்வது. பாக்கு நீரிணை ஆழமற்றது. அதனாற் பாதிப்பும் மிகுதி. எமது போர்க்காலத்தில் வட பகுதி மீனவர்க்குக் கடல் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் அப்பக்கத்துப் படகுகள் இக்கடலுக்குப் பழகின. 2009இற் போர் முடிந்து எமது மீனவர் மீண்டும் கடலில் இறங்கியபோது, இரு பசிகள் ஒரே நீரிற் சந்தித்தன. 2017இல் இலங்கை அடித்தள இழுவை முறையைச் சட்டத்தாற் தடைசெய்தது. சிறு மீனவரின் வாழ்வைக் காக்க அத்தடை வேண்டியதே என்பது எமது கருத்து. தோட்டத்துக்கு வேலி தேவை. வேலியே கூடாதென்பது தோட்டமில்லாதவனின் பேச்சு.

ஆனால் பொட்டு? 1974ஆம் ஆண்டு இரு நாட்டு அரசுகளும் எல்லை குறித்துச் செய்த உடன்படிக்கை, கச்சத்தீவை இலங்கையின் பக்கத்தில் வைத்தது. அதே உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலத் தீவுக்கு வந்துபோகலாம் என்றும், அதற்கெனப் பயணப் பத்திரமோ நுழைவு அனுமதியோ இலங்கை கேட்காது என்றும் கூறியது. அப்பிரிவின் பொருளைப் பற்றி இன்றும் வாதம் உண்டு. யாத்திரிகர் வரையில் அதன் கருத்துத் தெளிவு. வேலி போட்டவர்களே அதிற் பொட்டும் விட்டார்கள். உலகில் எத்தனையோ எல்லைக் கோடுகள் உண்டு. அவற்றுள், பிள்ளை குட்டியுடன் கடவுச்சீட்டின்றி வந்து ஓரிரவு அயலானுடன் தங்கிப் போக இடம்வைத்த கோடுகள் மிகச் சிலவே இருக்கும்.

அந்தப் பொட்டு எளிதில் அடைபடக்கூடியது. போர்க்காலத்திற் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தது. 2021இற் பெருந்தொற்று அடைத்தது. 2024 பெப்ரவரி 23ஆம், 24ஆம் திகதிகளில் விழா நடந்தபோது, தம்மவருக்கு இந்நாட்டு நீதிமன்றங்கள் விதித்த சிறைத் தண்டனைகளைக் கண்டித்து இராமேசுவர மீனவர் விழாவைப் புறக்கணித்தனர். அக்கரைக் குடும்பங்கள் வரவில்லை. அவ்வாண்டு வந்திருந்த எமது தீவகத்து மீனவரின் மனைவி கூறியது நினைவிலிருக்கிறது. "அவை வராத வருசம் சண்டை பிடிக்கவும் ஆளில்லை" என்றார். நகைப்புக்குரியதுபோல் தோன்றும் இச்சொல்லில் ஆழ்ந்த உண்மை உண்டு. முகம் தெரியாத பகைவனுடன் கடலிற் படகு மோதும். முகம் தெரிந்தவனுடனேதான் மணலிலிருந்து வழக்காட முடியும்.

மறுநாட் காலைத் திருப்பலி முடிந்ததும் கூடாரங்கள் கழன்றன. சிறு பண்டமாற்று நடந்தது. எமது சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் அங்கே சென்றன. அவர்களுடைய சேலையொன்று எம்மிடம் வந்தது. அன்னையார் 1971இல் வந்தபோதும் இவ்வாறே ஒரு சேலை கிடைத்ததென்று கூறினார். பெறாமகன் தன் நைலோன் கூடாரத்தைத் தங்கச்சிமடத்துச் சிறுமிக்குக் கொடுக்க விரும்பினான். அவள் தாய் மறுத்து, "அடுத்த வருசம் கொண்டாங்க, ஒண்ணா கட்டுவோம்" என்றார். அடுத்த ஆண்டு அச்சிறுவன் ரொறன்ரோவில் இருப்பான். அவர்கள் வருவது அவர்கள் கையில் மட்டும் இல்லை. ஆயினும் அந்த அழைப்பை நாம் ஒப்புக்கொண்டோம்.

எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று உலகின் பல நாடுகளிற் குடியிருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துவரும்போது கோயில்களையும், கல்லூரி மண்டபத்தையும், பாட்டனார் வீட்டையும் காட்டுகிறார்கள், அது வேண்டியதே. அவற்றுடன் ஓரிரவாவது அயலாருடன் ஒரே கயிற்றில் கட்டிய பந்தலின் கீழ் அவர்களைப் படுக்க வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். கச்சத்தீவுதான் ஆக வேண்டுமென்பதில்லை. மட்டுவிலும் வற்றாப்பளையும் உண்டு. இன்று படிக்கும் மாணவர்க்கோ இன்னொரு வேண்டுகோள். உங்களுட் சிலர் நாளை சட்டத்தரணிகளாகவும், கடல்வள ஆய்வாளராகவும், நிருவாகிகளாகவும் இவ்வழக்கைக் கையேற்பீர்கள். எமது மீனவரின் வலையைக் காக்கும் வேலியை உறுதியாகக் கட்டுங்கள். கட்டும்போது, பெண்களும் பிள்ளைகளும் குனிந்து போய்வர ஒரு பொட்டு விட மறவாதீர்கள்.